அழிச்சும் போகாத 40 ஜிபி!
(கணினிப் பகுதி)



போன மாதம் நம் டீச்சர் என்னிடம் ஒரு வேலை கொடுத்தாங்க. நம்ம சுவரிதழின் பழைய தாள்கள் எல்லாம் அலமாரியில் கரையான் அரிக்கிறதுக்கு முன்னாடி, ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைக்கணும். எங்க வீட்டில் லேப்டாப் இருக்கு என்பதால் நான்தான் கையைத் தூக்கினேன். வீட்டுக்குப் போய்த் திறந்தால் "2 ஜிபி மட்டுமே மீதி" என்று எச்சரிக்கை வந்து நிற்குது!

எனக்கு ஒரே ஆச்சரியம். ஏன்னா ஏப்ரல் மாதப் பரீட்சை லீவில் நானே உட்கார்ந்து, "பழசு" என்று பேர் போட்ட ஒரு ஃபோல்டரை மொத்தமா அழிச்சிருந்தேன். அதில் 40 ஜிபிக்கு சினிமாப் படங்கள். குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன். 40 ஜிபி அழிச்சா 40 ஜிபி இடம் கிடைக்கணும் இல்லையா? ஒரு ஜிபி கூடக் கூடலை. அப்போ நான் அழிச்சது எங்கே போச்சு? இந்தக் கேள்விக்கு விடை தேடினதுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் கணக்கு வரும், பயந்துடாதீங்க. எல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

முதலில் அந்த லேப்டாப்பைப் பற்றி. அது அரசு இலவச லேப்டாப். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் பக்கத்துக் காக்களூரில் அந்தத் திட்டத்தைத் தொடங்கினாங்க. அதுக்கு அடுத்த வருஷம் பிளஸ் டூ படிச்ச எங்க பெரியப்பா பொண்ணு அக்காவுக்கு இது கிடைச்சது. அக்கா கல்யாணமாகிப் போகும்போது எங்க வீட்டுக்கு வந்துடுச்சு. அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தாங்க. பாஸ் என்றால் முதலாளி இல்லை! பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். 2007-இல் சென்னையில் இருக்கும் சி-டாக் நிறுவனம் வெளியிட்டது. நம்ம படப்பையிலிருந்து பஸ் ஏறினால் போகிற தூரத்தில் செஞ்ச ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் என்று நினைக்கும்போது பெருமையாத்தான் இருக்கு.

நாளாக ஆக லேப்டாப் மெதுவாகிப் போச்சு. எங்க பெரியம்மா பையன் அண்ணன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறார். அவர்தான் எல்லாத்தையும் எடுத்துட்டு ஓப்பன் சூசே என்கிற லினக்ஸைப் போட்டுக் கொடுத்தார். போடும்போதே, "பாப்பா, நீ எதையாவது தெரியாம அழிச்சிடுவே. அதுக்கு ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்கிறேன்" என்றார். அப்போ எனக்கு அது புரியலை. சரிண்ணா என்று சொல்லிட்டு விளையாடப் போயிட்டேன்.

ஸ்னாப்ஷாட் என்றால் என்ன?

போட்டோ என்றுதான் நானும் நினைச்சேன். பேர் அப்படித்தான் இருக்கு, ஆனா படம் எதுவும் கிடையாது. டிஸ்க்கில் இந்த நிமிஷம் என்னென்ன ஃபைல் எப்படி எப்படி இருக்குதோ, அந்த நிலைமையை அப்படியே நிறுத்தி வைக்கிறதுக்குப் பேர் ஸ்னாப்ஷாட். நாளைக்கு நீங்கள் ஃபைலை மாத்தினாலும் அழிச்சாலும் நேற்றைய நிலைமை அதில் அப்படியே இருக்கும்.

அப்படின்னா எல்லாத்தையும் இன்னொரு காப்பி எடுக்குதா? 200 ஜிபி இருந்தால் இன்னொரு 200 ஜிபி ஆகுமே, இடம் ஏது? இங்கேதான் தந்திரம் இருக்கு. ஒரு புத்தகத்தில் முன்னாடி பொருளடக்கம் இருக்கும், இல்லையா? எந்தப் பாடம் எந்தப் பக்கம் என்று. ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது கம்ப்யூட்டர் அந்தப் பொருளடக்கத்தை மட்டும்தான் பத்திரப்படுத்தும். பாடங்கள் அதே பக்கங்களில் அப்படியே இருக்கும். அதனால் எடுத்த அந்த நிமிஷத்தில் ஸ்னாப்ஷாட்டுக்குக் கிட்டத்தட்ட இடமே ஆகாது.

பிறகு நான் ஒரு ஃபைலைத் திருத்துகிறேன் என்று வையுங்கள். சாதாரணமா பழைய எழுத்தை அழிச்சுட்டு அதே இடத்தில் புதுசா எழுதணும். இந்த முறையில் அப்படிச் செய்யாது. வேறொரு காலிப் பக்கத்தில் புதுசை எழுதிட்டு, இன்றைய பொருளடக்கத்தில் பக்க எண்ணை மட்டும் மாத்திக்கும். பழைய பொருளடக்கம் பழைய பக்கத்தையே காட்டிக்கிட்டு இருக்கும். பெரிய ஃபைலில் ஒரு மூலையை மட்டும் திருத்தினால் அந்த மூலை மட்டும்தான் புதுசா எழுதப்படும். அழித்தாலும் இதே கதைதான். இன்றைய பொருளடக்கத்தில் ஒரு வரி போகும், அவ்வளவே. பழைய பொருளடக்கம் அதைக் காட்டிக்கிட்டு இருக்கிற வரைக்கும் அந்தப் பக்கத்தை யாரும் தொட முடியாது.

என் 40 ஜிபி எங்கே போச்சு என்று இப்போ உங்களுக்குப் பிடிபட்டிருக்குமே! அது எங்கேயும் போகலை. அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

இந்த மாதிரி வேலை செய்யும் ஃபைல் சிஸ்டத்தின் பேர் பட்டர் எஃப்எஸ். (பட்டர் என்றே சொல்றாங்க, வெண்ணெய்க்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.) ஆரகிள் கம்பெனியில் இருந்த கிறிஸ் மேசன் என்பவர் 2007-இல் இதைத் தொடங்கினார். 2009-இல் லினக்ஸ் கெர்னல் 2.6.29-இல் சேர்ந்தது. 2014-இல் வந்த ஓப்பன் சூசே 13.2 முதல் அதில் சிஸ்டம் பகுதிக்கு இதுதான் வழக்கம். இவங்களுக்கு முன்னாடியே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனி இசட்எஃப்எஸ் என்று ஒன்றை 2005-இல் வெளியிட்டது. அதுவும் இதே கொள்கைதான். ஆப்பிள் கம்ப்யூட்டர்களில் 2017 முதல் வந்த ஏபிஎஃப்எஸ்ஸிலும் ஸ்னாப்ஷாட் உண்டு. பழைய லினக்ஸ்களில் வழக்கமா இருக்கும் ஈஎக்ஸ்டி4-க்கு மட்டும் தானாக இப்படி எடுக்கத் தெரியாது.

எவ்வளவு இடம் பிடிச்சிருக்கு?

அண்ணனுக்கு அந்த வாரம் நைட் ஷிஃப்ட். மத்தியானம் தூங்கி எழுந்து வந்தார். லேப்டாப்பைக் காட்டினேன். "ஸ்னாப்ஷாட்தான் பிடிச்சிருக்கு" என்றார். எவ்வளவுண்ணா என்றேன். "அதைச் சொல்றதுதான் கஷ்டம். நீயே அளந்து பாரு" என்று சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார். அவர் எப்பவும் இப்படித்தான்.

மொத்தம் நாலு ஸ்னாப்ஷாட் இருந்தது. வீட்டுக்கு வரும்போது அண்ணன் எடுத்து வைத்தது. தை மாதம் ஒன்று, மாசி ஒன்று, பங்குனி ஒன்று, சித்திரை ஒன்று. 1, 2, 3, 4 என்று எண் போட்டுக்குவோம். நான் "பழசு" ஃபோல்டரை அழிச்சது மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில்.

(ஒரு சின்ன விஷயம். டிஸ்க்கின் மேல் 320 ஜிபி என்று ஒட்டியிருக்கும். கம்ப்யூட்டர் 298 என்று காட்டும். யாரும் திருடலை. விற்கிறவங்க ஆயிரம் ஆயிரமா எண்ணுறாங்க, இந்தக் கம்ப்யூட்டர் 1024, 1024-ஆ எண்ணுது. அதில் ஸ்வாப்புக்கு 8 போக எனக்கு மீதி 290.)

முதல் வழி: ஒவ்வொரு ஃபோல்டரும் எவ்வளவு என்று கூட்டிச் சொல்லும் "டியூ" என்ற கட்டளை. போட்டேன். முதல் தடவை அனுமதி இல்லை என்றது. ஸ்னாப்ஷாட் ஃபோல்டருக்குள் சாதாரணமா யாரையும் விடாது. ரூட் பாஸ்வேர்டு போட்டு மறுபடி ஓட்டினேன். வந்த விடை:

இன்றைய ஃபைல்கள் - 198 ஜிபி
ஸ்னாப்ஷாட் 1 - 188 ஜிபி
ஸ்னாப்ஷாட் 2 - 190 ஜிபி
ஸ்னாப்ஷாட் 3 - 201 ஜிபி
ஸ்னாப்ஷாட் 4 - 180 ஜிபி

கூட்டிப் பாருங்க. 957! 290 ஜிபி இடத்துக்குள்ளே 957 ஜிபி! எங்க வீட்டு லேப்டாப் அட்சய பாத்திரம் ஆகிப் போச்சு என்று நினைச்சேன். விஷயம் என்னன்னா, ஒரே பக்கத்தை அஞ்சு பொருளடக்கமும் காட்டினால் டியூ அதை அஞ்சு தடவை எண்ணிடும். ஆக இந்த வழி தப்பு.

இரண்டாம் வழி கழித்தல். மொத்த டிஸ்க்கில் எவ்வளவு செலவாகியிருக்கு என்று கேட்டால் 288 என்றது. அதில் இன்றைய ஃபைல் 198. சிஸ்டத்துக்கும் அதோட சொந்த ஸ்னாப்ஷாட்டுக்கும் சேர்த்து 29. இரண்டையும் கழித்தால் 61. அதாவது என் இன்றைய ஃபைல்களில் இல்லாமல், நாலு ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து பிடிச்சுக்கிட்டு இருக்கிற இடம் 61 ஜிபி. இது சரியான விடை. ஆனால் யார் எவ்வளவு என்று சொல்லாது. எதை அழிச்சால் எவ்வளவு கிடைக்கும் என்று தெரிஞ்சால்தானே வேலை ஆகும்?

மூன்றாம் வழியை அண்ணன் சொன்னார். பட்டர் எஃப்எஸ்ஸுக்கு என்றே தனியா ஒரு டியூ இருக்கு. அது மொத்தம் என்று ஒரு எண்ணும், "எக்ஸ்க்ளூசிவ்" என்று இன்னொரு எண்ணும் கொடுக்கும். எக்ஸ்க்ளூசிவ் என்றால் அந்த ஸ்னாப்ஷாட் ஒன்றுக்கு மட்டுமே சொந்தமானது, வேறு யாரும் காட்டாத பக்கங்கள். அந்த ஸ்னாப்ஷாட்டை மட்டும் அழித்தால் அவ்வளவுதான் கிடைக்கும். (கட்டளைகளை எப்படித் தட்டணும் என்று என் நோட்டில் எழுதி வெச்சிருக்கேன். வேணுங்கிறவங்க கேளுங்க, தர்றேன்.) ரொம்ப நேரம் ஓடிச்சு. அதுக்குள்ள நான் தண்ணி பிடிச்சு வெச்சுட்டே வந்துட்டேன். வந்தது:

ஸ்னாப்ஷாட் 1 - 3 ஜிபி
ஸ்னாப்ஷாட் 2 - 1 ஜிபி
ஸ்னாப்ஷாட் 3 - 2 ஜிபி
ஸ்னாப்ஷாட் 4 - 7 ஜிபி

கூட்டினால் 13. ஆனால் 61 இருக்கணுமே! மீதி 48 எங்கே? இந்த இடத்தில்தான் எனக்கு ஒரேயடியா தலை சுத்திடுச்சு. அண்ணனும் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கிட்டு இருந்த எங்க தாத்தாதான், "என்னடா, கூட்டுப் பட்டா மாதிரி சொல்றே" என்றார். அவ்வளவுதான், எல்லாம் புரிஞ்சு போச்சு!

கூட்டுப் பட்டா கணக்கு

ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வந்ததிலிருந்து நம்ம ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குக் கூடப் பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் அத்துப்படி. அதனால் உங்களுக்கு இது சுலபமாப் புரியும்.

நாலு அண்ணன் தம்பிகள் என்று வையுங்க. மொத்த நிலம் 61 சென்ட். பெரியவர் பேரில் தனிப் பட்டா 3 சென்ட், அடுத்தவருக்கு 1, மூணாமவருக்கு 2, சின்னவருக்கு 7. மீதி நிலம் எல்லாம் கூட்டுப் பட்டா. ஒரு துண்டில் பெரியவரும் இரண்டாமவரும் மட்டும், 5 சென்ட். இன்னொரு துண்டில் முதல் மூணு பேரும், 40 சென்ட். மற்றொரு துண்டில் மூணாமவரும் சின்னவரும், 3 சென்ட். 5, 40, 3 கூட்டினால் 48. காணாமல் போன 48 இதுதான்!

ஒவ்வொருத்தரையும் தனியாக் கூப்பிட்டு "உன் பேரில் மட்டும் எவ்வளவு?" என்று கேட்டால் கூட்டு நிலத்தை யாருமே சொல்ல மாட்டாங்க. கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் சொல்றாங்க. ஆனா எல்லார் பதிலையும் கூட்டினால் நிலம் குறையுது. "உன் பேர் எந்தெந்தப் பட்டாவில் இருக்கு?" என்று கேட்டால் கூட்டு நிலத்தை எல்லாருமே சொல்வாங்க, அப்போ நிலம் கூடிப் போகுது. டியூவுக்கு 957 வந்தது இப்படித்தான்.

இப்போ பெரியவர் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துட்டு விலகுகிறார். அவருடைய தனி நிலம் 3 சென்ட் காலி ஆகுது. கூட்டு நிலம் காலி ஆகுமா? ஆகாது, மீதி ஆள்கள் பேரில் தொடரும். ஆனால் ஒன்று கவனியுங்க. பெரியவரும் இரண்டாமவரும் மட்டும் வைத்திருந்த 5 சென்ட் இப்போ இரண்டாமவருக்கே தனி ஆகிடுது. நேற்று வரைக்கும் 1 என்று சொன்னவர் இன்று 6 என்பார். அவர் புதுசா எதையும் வாங்கலை! (நிஜத்தில் எல்லாரும் விலகினால் நிலம் புறம்போக்கு ஆகிடாது, வாரிசு வந்து நிற்பாங்க என்று தாத்தா திருத்தினார். கம்ப்யூட்டரில் வாரிசு கிடையாது. கடைசிப் பேரும் போனால் அந்த இடம் காலி.)

கம்ப்யூட்டரும் இதே மாதிரி ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனை பேர் பங்கு என்று கணக்கு வெச்சிருக்கு. ஒரு ஸ்னாப்ஷாட் அழியும்போது ஒவ்வொரு துண்டிலும் ஒரு பேர் குறையும். பூஜ்யம் ஆனால்தான் அந்த இடத்தை விடும்.

அதனால், "இந்த ஸ்னாப்ஷாட் எவ்வளவு இடம் பிடிக்குது?" என்று கேட்டால் ஒரே ஒரு விடை கிடையாது. அதை மட்டும் அழிக்கப் போறீங்களா, கூட வேறு எதையும் அழிக்கப் போறீங்களா என்பதைப் பொறுத்து விடை மாறும். எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருந்தது. ஒரு பொருளின் எடையைக் கேட்டால் பக்கத்தில் யார் இருக்காங்க என்று பார்த்துச் சொல்ற மாதிரி இருக்கு!

கூட்டமா அளக்கவும் வழி இருக்கு. பட்டர் எஃப்எஸ்ஸில் கோட்டாவை ஆன் செய்து, 1, 2, 3 ஆகிய மூன்றையும் ஒரு குழுவாச் சேர்த்துவிட்டு, அந்தக் குழுவுக்கு எக்ஸ்க்ளூசிவ் எவ்வளவு என்று கேட்கலாம். 51 என்று வந்தது. சரியா என்று கையால் போட்டுப் பார்த்தேன்: 3+1+2+5+40=51. சரி! மூன்றையும் சேர்த்து அழித்தால் கிடைக்கப் போறது அவ்வளவு. ஆனால் ஸ்னாப்ஷாட் நிறைய இருக்கும்போது கோட்டாவை எப்பவும் ஆன் செய்தே வைத்தால் கம்ப்யூட்டர் திணறும் என்று அண்ணன் வேலை முடிஞ்சதும் ஆஃப் பண்ணிட்டார்.

இசட்எஃப்எஸ் வைத்திருப்பவங்களுக்கு இன்னும் சுலபம். நிஜமா அழிக்காமல், "அழிச்சால் எவ்வளவு வரும்?" என்று ஒத்திகை பார்க்கிற வசதி அதில் இருக்கு. உங்க வீட்டில் விண்டோஸ் என்றால் அதிலும் ரெஸ்டோர் பாயின்ட் என்று இதுக்கு ஒரு தம்பி இருக்கு. மை கம்ப்யூட்டரில் வலது பக்க க்ளிக், ப்ராபர்ட்டீஸ், அதில் சிஸ்டம் ப்ரொடெக்ஷன், பிறகு கான்ஃபிகர். இப்போ எவ்வளவு பிடிச்சிருக்கு, அதிகபட்சம் எவ்வளவு விடலாம் என்று காட்டும். ஆனால் மொத்தம் மட்டும்தான், ஒவ்வொன்றாப் பிரிச்சுச் சொல்லாது.

அழிச்ச கதை

சரி, கணக்கு முடிஞ்சது, அழிக்க வேண்டியதுதானே? உள்ளே என்ன இருக்கு என்று ஒரு தடவை பார்த்துட்டு முதல் ஸ்னாப்ஷாட்டை அழிச்சோம். பழைய டவுன்லோடுகள்தான் இருந்தது. அழிச்ச உடனே பார்த்தால் இடம் கூடலை. எனக்குப் பக்கென்றது. "பின்னாடி மெதுவா சுத்தம் பண்ணும், அவசரப்படாதே" என்றார் அண்ணன். கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தால் 3 ஜிபி வந்திருந்தது. மீதி இடம் 5. இரண்டாவது ஸ்னாப்ஷாட்டின் எக்ஸ்க்ளூசிவ் நான் கணக்குப் போட்ட மாதிரியே 6. அதையும் பார்த்துட்டு அழிச்சோம். மீதி 11.

இப்போ மூன்றாவது. அதுவரைக்கும் 2 ஜிபி என்று சாதுவா இருந்தது, ஒரேயடியா 42 என்று காட்டுச்சு! அந்த 40-க்கு இப்போ இது ஒன்றுதான் சொந்தக்காரன். எல்லாம் நான் அழிச்ச சினிமாப் படங்கள்தானே, இதைப் போட்டால் வேலை முடிஞ்சது. கட்டளையை டைப் பண்ணிட்டு என்டர் மேல் விரலை வெச்சுட்டேன்.

"இரு பாப்பா" என்றார் அண்ணன். "42 ஜிபி எக்ஸ்க்ளூசிவ்னா என்ன அர்த்தம்? சொல்லு."

"42 ஜிபி இடம் கிடைக்கும்ணா."

"அது ஒரு அர்த்தம். இன்னொரு அர்த்தம், அந்த 42 ஜிபி இந்த லேப்டாப்பில் வேற எங்கேயும் இல்ல. இது போனா போச்சு. முதல் ரெண்டையும் பார்த்துட்டுத்தானே போட்டோம்? இதையும் பாரு."

எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. ஆனாலும் பார்த்தேன். ஸ்னாப்பர் என்ற புரோகிராமில் ஒரு ஸ்னாப்ஷாட்டுக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று பட்டியல் கேட்கலாம். இன்று இல்லாத ஃபைலுக்கு முன்னாடி கழித்தல் குறி போட்டிருக்கும். பட்டியல் நீளமா ஓடிச்சு. சினிமா, சினிமா, சினிமா. பழைய மொபைலில் இருந்து எடுத்த பாட்டுகள். அதுக்கு நடுவில் ஒரு கழித்தல் குறி போட்டு, "ஆயா" என்று ஒரு ஃபோல்டர்.

எங்க ஆயா, அப்பாவோட அம்மா, இறந்து இரண்டு வருஷம் ஆகுது. அக்கா தன் போனில் ஆயாவைப் பேச வெச்சு ரெக்கார்ட் பண்ணியிருந்தாள். நடவுப் பாட்டு பாடுறது, ஏரி நிரம்பி ஊருக்குள் தண்ணி வந்த கதை சொல்றது, நடுவில் என்னைக் கூப்பிட்டுத் திட்டுறது, எல்லாம் அதில் இருக்கு. அக்கா அந்தப் போனை எப்பவோ மாத்திட்டாள். அந்த ஃபோல்டரை யாரோ "பழசு"க்கு உள்ளே தள்ளி வெச்சிருக்காங்க. நான் உள்ளே பார்க்காமல் ஏப்ரலில் மொத்தமா அழிச்சிருக்கேன். இரண்டரை மாதமா ஆயா குரல் அந்த ஒரு ஸ்னாப்ஷாட் வரிசையில் மட்டும் இருந்திருக்கு. அதில் இரண்டை நானே பத்து நிமிஷத்துக்கு முன்னாடி அழிச்சேன், அப்போ பார்த்த பட்டியலில் வேகமா ஓட்டும்போது இதைக் கவனிக்கவே இல்லை. மூன்றாவதுக்குத்தான் என்டர் மேல் விரல் இருந்தது.

கை நடுங்கிடுச்சு என்று எழுதினால் யாராவது சிரிப்பீங்க. ஆனா நடுங்கிச்சு.

அண்ணன் ஒன்றும் திட்டலை. "காப்பி எடு" என்றார். எடுத்தேன். 300 எம்பிக்குக் கொஞ்சம் கூட, அதாவது 0.3 ஜிபி என்று வைக்கலாம். இங்கேயும் ஒரு வேடிக்கை. காப்பி எடுத்த பிறகும் டிஸ்க்கில் இடம் குறையலை! ஏன்னா பட்டர் எஃப்எஸ் காப்பியையும் அதே தந்திரத்தில்தான் எடுக்குது. பக்கங்களை மறுபடி எழுதாமல், இன்றைய பொருளடக்கத்திலும் அதே பக்க எண்ணைச் சேர்த்துவிட்டது. எனக்கோ பயம். நிஜமாவே வந்துடுச்சா, ஸ்னாப்ஷாட்டை அழிச்சால் கூடவே போயிடுமா?

அதுக்கும் அளந்துதான் பார்த்தோம். மூன்றாவது ஸ்னாப்ஷாட்டின் எக்ஸ்க்ளூசிவ் 42-இல் இருந்து 41.7 ஆகியிருந்தது. குறைந்த அந்த 0.3 தான் ஆயா. இப்போ அது தனிப் பட்டா இல்லை, என் பேரும் அதில் ஏறியாச்சு. ஸ்னாப்ஷாட் போனாலும் நிலம் என்னிடம் இருக்கும். ஒரு எண் குறைஞ்சதைப் பார்த்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது கணக்குப் பரீட்சையில் கூட இல்லை!

ஆனாலும் அண்ணன் பென்டிரைவில் ஒரு காப்பி போட்டார். ஸ்னாப்ஷாட் எத்தனை இருந்தாலும் எல்லாம் ஒரே டிஸ்க்கில்தான் இருக்கு, டிஸ்க் கெட்டுப் போனால் அஞ்சு பொருளடக்கமும் ஒன்றாகப் போகும் என்றார். அக்காவுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியாச்சு. பட்டியலை மறுபடி ஆரம்பத்திலிருந்து ஒவ்வொரு வரியாப் படிச்சு, சினிமாதான் மீதி என்று உறுதி பண்ணிக்கிட்டு மூன்றாவதை அழிச்சோம். 41.7 ஜிபி வந்தது. இப்போ மீதி இடம் 52.7 ஜிபி. நாலாவது ஸ்னாப்ஷாட்டை வெச்சிருக்கோம். அதன் எக்ஸ்க்ளூசிவ் 7-இல் இருந்து 10 ஆகிடுச்சு. ஏன் என்று மேலே உள்ள பட்டாக் கணக்கைப் பார்த்தால் தெரியும்.

அப்பாவிடம் இன்னும் சொல்லலை. இந்தத் தாளை அவர் படிக்க மாட்டார் என்று நினைக்கிறேன். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் தெரிஞ்சு போயிடும்!

சுவரிதழ் போட்டோக்களில் இதுவரைக்கும் 34 தாள் ஏற்றியாச்சு. உங்க வீட்டில் யாரிடமாவது பழைய தாள் இருந்தால் கொண்டு வந்து கொடுங்க, பத்திரமாத் திருப்பித் தர்றேன்.

உங்களுக்கு ஒரு கணக்கு:
நாங்கள் 1, 2, 3 என்ற வரிசையில் அழிச்சோம். அதுக்குப் பதிலா, ஆரம்பத்தில் நாலும் இருந்தபோதே முதலில் 3-ஐ மட்டும் அழிச்சிருந்தால் எவ்வளவு ஜிபி கிடைத்திருக்கும்? அதன் பிறகு 1, 2, 4 ஆகியவற்றின் எக்ஸ்க்ளூசிவ் என்னவாக இருக்கும்? விடையைப் பக்கத்தில் தொங்கும் வெள்ளைத் தாளில் பேர், வகுப்போடு எழுதுங்கள். சரியான விடை அடுத்த இதழில்.

எழுதியவர்: 9-ஆம் வகுப்பு மாணவி